கேமரன் மலையில் குளிர்காலம்: எப்போது வருவது, எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

தாப்பாவுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. ஆண்டுக் கடைசி விடுமுறை வந்தால் பிள்ளைகள் இருவரும் “குளிர்காலம் பார்க்கணும்” என்று நிற்கிறார்களாம். ஜப்பான், கொரியா என்று போக வசதியில்லை. கேமரன் மலைக்கு முன்பே வந்து ஸ்ட்ராபெரி பறித்து, தேனீப் பண்ணை பார்த்து, நெரிசலில் மாட்டித் திரும்பியாயிற்று. நம் நாட்டு மலையில் வெளியே நடந்து திரிந்து ரசிக்க, விலங்கு பறவை பார்க்க வேறு ஏதாவது உண்டா, எந்த மாதம் நல்லது, முழங்கால் வலியுள்ள அம்மாவையும் அழைத்து வரலாமா என்று கேட்கிறார். ரிங்லெட்டில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்து இன்னும் இங்கேயே இருப்பவன் நான். எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி, உண்டு. நிறையவே உண்டு. ஆனால் டிசம்பரில் வராதீர்கள். பொங்கல் முடியட்டும், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வாருங்கள்.

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை வீசும். எங்கள் மலைக்கு அக்டோபர், நவம்பரில்தான் மழை உச்சம். டிசம்பரிலும் விட்டபாடில்லை, பகல் முழுக்க மூட்டமாகக் கிடக்கும், சடக்கில் மண் சரியும். தை பிறந்த பிறகுதான் வானம் வெளுக்கத் தொடங்கும். மேகம் மூடாத இரவில் நிலத்தில் ஏறிய பகல் சூடு தங்காமல் வெளியேறிவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் விடியற்காலையில் தேயிலை மேட்டின் உச்சியில் நிற்பவரைவிட அடியில் ஓடைப் பக்கம் நிற்பவருக்குத்தான் கூடுதலாக நடுங்கும். மலேசிய வானிலை நிலையங்களில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை செல்சியஸ். அது பதிவானது இங்கேதான், 1978 பிப்ரவரி 1ஆம் தேதி. மாதத்தைக் கவனியுங்கள்.

அவ்வளவு குளிர் ஒவ்வொரு வருடமும் வராது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சுமார் 6 பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. தானா ராத்தா கிட்டத்தட்ட 1,440 மீட்டரில் இருக்கிறது. அங்கே பகலில் 22, 23 பாகை, இரவில் 15 பாகையை ஒட்டி இருக்கும். நல்ல வறண்ட இரவில் இன்னும் இறங்கும். கீழே தாப்பாவில் மின்விசிறியைச் சுழலவிட்டுப் படுக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குளிர் தாராளம். காலையில் வாயைத் திறந்தால் ஆவி வரும், விரல் விறைக்கும், கம்பளியை விட்டு எழ மனம் வராது. வெண்பனி கேட்டால் மட்டும் நம் நாட்டில் கைகாட்ட இடமில்லை. 4,095 மீட்டர் உயரமுள்ள கினாபாலு உச்சியில்கூட எப்போதாவது பாறைமேல் மெல்லிய பனிக்கட்டி படிவதோடு சரி. அதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் குளிர்காலம் என்பது பனி மட்டுமா? சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் வட சீனாவிலும் குளிர் இறுகும்போது அங்கே பூச்சி செத்துப்போகும், மண் உறைந்துபோகும். பூச்சி தின்று பிழைக்கும் பறவைகளுக்கு அங்கே இருக்க வழியில்லை. அவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம்மிடம் வருகின்றன. அதே வடபுலத்தில் கனத்துக் கிடக்கும் குளிர்காற்றுதான் தென்சீனக் கடலைக் கடந்து நமக்குப் பருவக்காற்றாகவும் வருகிறது. ஆக, வடக்கே குளிர்காலம் என்றால் நம் காட்டில் விருந்தாளிக் காலம். என்னைக் கேட்டால் மலேசிய மலைகளில் குளிர்காலத்தைப் பார்ப்பது என்பது இந்த விருந்தாளிகளைப் பார்ப்பதுதான்.

இதற்கு மலையேற வேண்டும் என்றுகூட இல்லை. இந்தக் காலத்தில் ஒரு மாலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பக்கத்துப் பட்டணத்தின் கடைத்தெருவுக்குப் போங்கள். ஏழு மணி வாக்கில் மின்கம்பிகளை அண்ணாந்து பாருங்கள். பெந்தோங் போன்ற பட்டணங்களில் ஆயிரக்கணக்கில் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும் தகைவிலான் குருவிகளைப் பார்க்கலாம். செந்நிறத் தொண்டை, கருநீல முதுகு, கத்தரிபோலப் பிளந்த வால். கடைக்காரர்கள் எச்சத்தைப் பார்த்து அலுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சின்னக் குருவி, எடை இருபது கிராம் அளவே உள்ளது, வடகிழக்கு ஆசியாவில் ஏதோ ஒரு வீட்டு இறவாணத்தில் முட்டையிலிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். செப்டம்பர் வாக்கில் வந்து, மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். அதைப் பார்த்துவிட்டு மலைக்கு வந்தால் இங்கே பார்ப்பதற்கெல்லாம் ஒரு தொடர்ச்சி கிடைக்கும்.

வரும் வழியைப் பற்றி. நீங்கள் தாப்பாக்காரர் என்பதால் பழைய சடக்கிலேயே வாருங்கள். சிம்பாங் பூலாய் வழி அகலமானது, வேகமானது, உண்மைதான். ஆனால் தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரும் சுமார் 45 கிலோமீட்டரில் காடு மூன்று முறை உடை மாற்றும். அடிவாரத்தில் மூங்கிலும் பெரிய இலை மரங்களும். நடுவில் லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு மேலே மரம் உயர்ந்து இருள் கட்டும். ரிங்லெட் நெருங்க மரப்பெரணியும் தேயிலையும். வளைவுக்கு வளைவு பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள் என்றால் காலையில் வயிறு நிறையப் பசியாறாமல் கிளம்புங்கள். இடையிடையே செமாய் என்னும் ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்களின் கடைகள் இருக்கும். பெத்தாய், மூங்கில் குருத்து, காட்டுத் தேன் விற்பார்கள். அங்கே நிறுத்துங்கள், வாங்குங்கள், பேசுங்கள். எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது, நேற்று எந்தப் பக்கம் இருவாச்சி கத்தியது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. இருவாச்சி பறக்கும்போது கண்ணுக்குமுன் காதுக்கு வரும். இறக்கை காற்றைக் கிழிக்கும் ஓசை, பழைய நீராவி ரயில் மேடேறுவதுபோலத் தலைக்குமேல் கடந்து போகும்.

இந்தச் சடக்கோரத்தில் ஈரமணலில் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியையும் பார்க்கலாம். கரும்பட்டு இறக்கையில் பச்சை மின்னும் பற்கள். நம் நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சி அது. 1855இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அதற்குச் சரவாக் ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயரை வைத்தார். ஈரமண்ணில் கூட்டமாக உட்கார்ந்து உப்பு உறிஞ்சுவதெல்லாம் ஆண்கள். பெண் உச்சி மரத்திலேயே இருந்துவிடும். வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல்தான் இறங்கும். கண்ணாடிச் சட்டத்தில் குத்தி விற்பதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை பிடிக்கவும் ஆள் இருக்கும்.

ரிங்லெட்டுக்கு மேலே வந்தபின் பலரும் செய்வது ஒன்று: காலை பத்து மணிக்குக் கிளம்பிக் கீ ஃபார்ம் சந்தைக்குப் போய் நெரிசலில் நிற்பது. நீங்கள் அதை அப்படியே தலைகீழாக்குங்கள். இரவில் மலையில் தங்குங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து இருட்டிலேயே கிளம்பி, குனோங் பிரிஞ்சாங் போகும் தார்ச்சடக்கில் ஏறுங்கள். சுமார் 2,030 மீட்டர் உயர உச்சிவரை சடக்கு உண்டு; காடியை விடுகிறார்களா என்று முதல்நாளே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே போகும் ஒற்றைச் சடக்கு. எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் குறைவு, மெதுவாக ஏறுங்கள். பிப்ரவரியில் சூரியன் ஏழரை மணிவாக்கில்தான் எட்டிப் பார்க்கும், எனவே அவசரமில்லை.

இனி, பிள்ளைகளுக்கு நான் காட்ட விரும்பும் இடம். காட்டோரமாக இரவெல்லாம் எரியும் ஏதாவது ஒரு விளக்கைத் தேடுங்கள். உச்சியிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுர வளாகத்து விளக்கோ, சடக்கு விளக்கோ, தங்கும் விடுதியின் பின்கட்டு விளக்கோ, எதுவானாலும் சரி. இரவு முழுக்க அந்துப்பூச்சிகள் வெளிச்சத்துக்கு வந்து சுவரிலும் தரையிலும் ஒட்டிக் கிடக்கும். உள்ளங்கை அகலம் இருப்பதும் உண்டு, மரப்பட்டை நிறத்தில் கண்ணுக்கே தெரியாததும் உண்டு. வெளிச்சம் பரவும் நேரம் பறவைகளுக்கு இது பந்தி. முதலில் வருவது பெரும்பாலும் சிரிப்பான்கள், செம்பழுப்புத் தலையோடு கூட்டமாக, ஒன்றையொன்று அதட்டிக்கொண்டு. அடுத்து வெள்ளிக்காது மீசியா. கறுப்புத் தலையில் காதருகே வெள்ளித்தகடு ஒட்டியதுபோல் ஒரு திட்டு, தொண்டை ஆரஞ்சு மஞ்சள், இறக்கையில் ஒரு சிவப்புக் கீற்று. நீங்கள் அசையாமல் நின்றால் உங்கள் காலிலிருந்து இரண்டு எட்டு தூரத்தில் இறங்கி, அந்துப்பூச்சியைக் கவ்வி, சடக்கில் அடித்து இறக்கையை உதிர்த்துவிட்டு உடலை மட்டும் விழுங்கும். தரையெல்லாம் வெறும் இறக்கைகள் கிடக்கும். ஒன்றை எடுத்துப் பிள்ளையின் விரலில் வைத்தால் செதிள் பொடி ஒட்டும். அரைமணி நேரத்தில் பந்தி முடிந்துவிடும். எட்டரைக்கு வருகிறவர்களுக்கு இது நடந்ததே தெரியாது.

அந்த நேரத்திலேயே, இன்னும் முழுவதும் விடியாத அரையிருட்டில், ஓடை குறுக்கிடும் வளைவுகளில் ஒரு கருநீலப் பறவை சடக்கில் தத்தினால் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். மலாயா சீழ்க்கைப் பூங்குருவி தீபகற்ப மலேசியாவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. அதைப் பார்க்கவே வெளிநாட்டிலிருந்து பணம் செலவழித்து வருகிறார்கள். வெளிச்சம் வந்ததும் காட்டுக்குள் மறைந்துவிடும்.

வெயில் கொஞ்சம் ஏறியதும் குளிர்கால விருந்தாளிகளைத் தேடலாம். முகிமாக்கி ஈப்பிடிப்பான் ஆண் கரிய முதுகும் ஆரஞ்சு மார்புமாக மரத்தின் நடுக்கிளையில் உட்கார்ந்து, பூச்சியைத் துரத்தி, அதே கிளைக்குத் திரும்பும். கிழக்குச் சைபீரியாவிலிருந்தும் வடகிழக்குச் சீனாவிலிருந்தும் வருவது அது. சைபீரிய நீலராபின் தரையில் திரிவது. மேலே அடர்நீலம், கீழே தூய வெள்ளை, வால் ஓயாமல் நடுங்கும். சாம்பல் வாலாட்டியைத் தேடவே வேண்டாம். ஓடையோரச் சடக்கில் காடிக்கு முன்னாலேயே ஓடி ஓடி எழும்பும். இலைகளுக்குள் துறுதுறுவென்று அலையும் பச்சைச் சிறுகுருவிகளில் பலவும் வடக்கத்திய கதிர்க்குருவிகள்தான். அவற்றைப் பிரித்தறிய வருடக்கணக்கில் பழகவேண்டும், அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சில்வண்டு இரைவதுபோல் ஓர் ஓசை உச்சியிலிருந்து வேகமெடுத்துக்கொண்டே போனால் அது வண்டில்லை. மூக்கின்மேல் நெருப்புக் குஞ்சம் வைத்த பெரிய பச்சைக் குக்குறுவான். அது எங்கள் ஊர்க்காரன், வருடம் முழுக்க இங்கேதான்.

தொலைநோக்கி ஒன்றை எப்படியாவது கொண்டு வாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். அதற்குமேல் போனால் பிள்ளைகள் கையில் ஆடும். யாரிடமாவது இரவல் வாங்கினாலும் சரி. கைத்தொலைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் இங்கே பரவி வருகிறது. அதைச் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் போட்டிக்காரன் வந்துவிட்டான் என்று நம்பி, தீனியை விட்டுவிட்டு, அது பதறிக்கொண்டு அலையும். எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து திரும்பிப் போகக் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கும் உயிருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாசிக்காடு. பிரிஞ்சாங்குக்கும் 2,110 மீட்டர் உயர இராவ் மலைக்கும் நடுவில் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லா நாளும் மேகம் இந்தக் காட்டுக்குள்ளேயே நடந்து போகும். மழை பெய்யாத நாளிலும் மேகத்தின் ஈரம் இலையிலும் பாசியிலும் ஒட்டிச் சொட்டும். மண் புளிப்பு, சத்துக் குறைவு, காற்று ஓயாது. மரங்கள் வளர முடியாமல் முறுக்கிக்கொண்டு ஆள் உயரத்திலேயே கிழடாகிவிடும். அடிமரம் எது, பாசி எது என்று பிரிக்க முடியாது. ஒரு கைப்பிடிப் பாசியை மெல்ல அழுத்திப் பார்த்தால் தண்ணீர் வழியும்; அழுத்துவது பாதையோரத்தில், ஒரே ஒரு முறை, அவ்வளவே. இங்கேதான் மாக்ஃபார்லேன் குடுவைச்செடி இருக்கிறது. தீபகற்பத்து மலைகளுக்கே உரிய இனம். சிவப்புப் புள்ளி போட்ட குடுவைக்குள் எட்டிப் பார்த்தால் எறும்பும் ஈயும் மிதக்கும். சத்தில்லாத மண்ணில் கிடைக்காத தழைச்சத்தை அது இப்படித் தேடிக்கொள்கிறது. பறித்துக்கொண்டு போனால் தாப்பா வெயிலில் ஒரு வாரம் தாங்காது.

இந்தப் பாசிக்காட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் சம்பந்தம் உண்டு, தம்பி. இந்த மலையில் இறங்கும் தண்ணீர் பெர்த்தாம் ஆறாகி ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையில் நிற்கிறது. அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் போய், மின்சாரம் எடுத்தபின் பத்தாங் பாடாங் ஆற்றில் சேர்கிறது. உங்கள் தாப்பா ஓரமாக ஓடும் ஆறு அதுதான். எங்கள் ரிங்லெட் ஏரியை வந்து பாருங்கள், கரையோரத்தில் மண் மேடு தட்டியிருக்கும். மேலே காட்டை வழித்துக் காய்கறித் தோட்டம் போட்ட இடங்களிலிருந்து அடித்துவந்த மண். பாசியும் வேரும் பிடித்து வைத்திருந்த வரைக்கும் தண்ணீர் தெளிவாக, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இதை நினைத்து எனக்கு வருத்தம்தான். காய்கறியும் வேண்டும், அதை நட்டவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் சரிவில் எவ்வளவு வழிப்பது என்பதற்கு ஓர் எல்லை வேண்டும்.

இராவ் உச்சிக்கு ஏறுவது வேறு விஷயம். முழங்கால் அளவு சேறு, வேர் வேராகப் பிடித்து ஏறவேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சரி, ஒன்பது வயதுக்கு வேண்டாம். காப்புக்காட்டுக்குள் நடக்க வன இலாகாவின் அனுமதி விதிகள் அவ்வப்போது மாறும், சில பாதைகளை மூடித் திறப்பார்கள், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். தானா ராத்தாவைச் சுற்றி எண் போட்ட காட்டுப் பாதைகள் இருக்கின்றன. குடும்பத்தோடு நடக்க 10ஆம் எண், ஜாசார் மலைக்குப் போவது, எனக்குப் பிடித்தது. மேலேயிருந்து தானா ராத்தா முழுக்கத் தெரியும். பாரிட் அருவிக்குப் போகும் 4ஆம் எண் எளிது, ஆனால் அருவி நீரில் பிள்ளைகளை இறக்காதீர்கள், ஊர்க்கழிவும் தோட்டமண்ணும் கலந்து வருகிறது.

எந்தப் பாதையானாலும் எத்தனை மணிக்குப் போகிறோம், எப்போது வருவோம் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள். 1967 மார்ச் 26 அன்று பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. போலீஸ், இராணுவம், ஓராங் அஸ்லி வழிகாட்டிகள் என்று எத்தனையோ பேர் தேடியும் தடயம் கிடைக்கவில்லை. அப்படி ஒன்று நடந்த காடு இது. மதியம் மூன்று மணிக்குள் வெளியே வந்துவிடுவது எங்கள் வழக்கம். மேகம் இறங்கினால் பத்தடி தூரத்தில் பாதை தெரியாது.

கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்பட்டால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் முகாம்மேல் மலை சரிந்து 31 பேர் இறந்தார்கள், பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். மழைக்காலத்தில் சரிவின் அடியில், சடக்கு வெட்டிய மண்மேட்டுக்குக் கீழே, ஆற்றோரத்தில் கூடாரம் போடவே கூடாது. நான் டிசம்பரைத் தள்ளிவைக்கச் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான். ஜனவரி, பிப்ரவரியிலும் இரண்டு நாள் விடாமல் பெய்திருந்தால் பயணத்தை ஒத்திப்போடுங்கள். சீனப் பெருநாள் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். அது ஆபத்தில்லை, நெரிசல் மட்டும். பள்ளிக்கூடம் இருக்குமே என்றால் வெள்ளி மாலை வந்து ஞாயிறு மதியம் இறங்கிவிடலாம். சனி, ஞாயிறு விடியற்காலை இரண்டும் உங்களுக்கு முழுதாகக் கிடைக்கும். கூட்டம் எழுவதற்குள் நீங்கள் பார்த்து முடித்திருப்பீர்கள்.

உடுப்பு என்றால் கனமான ஒன்றைவிட மெல்லியது இரண்டு மூன்று அடுக்காகப் போடுவது நல்லது. பருத்தி நனைந்தால் காயாது, உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சும். காட்டுக்குள் ஜீன்ஸ் வேண்டாம். அட்டைக்கு நீளக் காலுறையைக் கால்சட்டைமேல் இழுத்துவிடுங்கள். கடித்தால் பயப்பட ஒன்றுமில்லை. நகத்தால் அதன் வாய்ப்பக்கம் தள்ளினால் விழுந்துவிடும். உப்பும் புகையிலையும் போட்டால் கக்கிவிட்டு விழும், அதுதான் புண்ணாகும்.

விலங்குகளைப் பற்றிக் கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன்: பெரிய விலங்குகளைப் பார்ப்போம் என்று வந்தால் ஏமாற்றம்தான். 2016இலிருந்து 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பில் மலாயாப் புலி காட்டில் 150க்கும் குறைவு என்று தெரிந்தது. தாப்பிர், கரடி, மலையாடு எல்லாம் இந்த மத்திய மலைத்தொடரில் இருக்கின்றன, ஆனால் மனித வாடை பட்டாலே விலகிவிடும். சேற்றில் மூன்று விரல் பதிந்த தாப்பிரின் தடம் கிடைத்தாலே பெரிய பேறு. குரங்கினங்களைப் பார்க்கலாம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லொத்தோங் குடும்பமாக உட்கார்ந்து தளிர் தின்னும். உணவு மட்டும் கொடுக்காதீர்கள், சடக்குக்கு இறங்கப் பழகி வண்டியில் அடிபடுகிறது.

மாலையில் ஐந்து மணிக்குத் தேயிலைச் சரிவுக்கு வாருங்கள். 1929இல் தொடங்கிய போ (BOH) தேயிலைத் தோட்டம் எங்கள் ரிங்லெட் பக்கம்தான். நம் பாட்டிமார் முதுகில் கூடை கட்டிக் கொழுந்து கிள்ளிய சரிவுகளில் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கத்தரியாலும் இயந்திரத்தாலும் வெட்டுகிறார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், இந்த அழகான வரிகளை நட்டதும் கவாத்து பண்ணியதும் யார் என்று தெரிந்துகொண்டு பார்க்கட்டும். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு வரிசைக்கும் நிழல் விழும்போதுதான் சரிவின் உருவம் தெரியும். உச்சிவெயிலில் எடுத்த படங்கள் எல்லாம் தட்டையாக இருப்பது அதனால்தான். இருட்டியதும் எதிர்மலையில் ஞெகிழிக் கூடாரங்கள் மஞ்சளாக எரிவதைக் காண்பீர்கள். அங்கே வளரும் சாமந்திக்கு நீண்ட இரவு கிடைத்தால் சீக்கிரம் பூத்துவிடும். தண்டு நீளும்வரை விளக்குப் போட்டு அதை ஏமாற்றி வைக்கிறார்கள். அந்த வெளிச்சம் படாத ஒரு வளைவைத் தேடிப் பத்து மணிவாக்கில் அண்ணாந்தால் ஜனவரி கடைசியில் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் நடுவில் வரிசையாக உள்ள மூன்று நட்சத்திரங்களும் கிட்டத்தட்ட தலைக்கு நேர்மேலே நிற்கும்.

தமிழ்நாட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால், உறைபனியை அங்கே காட்டலாம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் தலைக்குந்தா புல்வெளிகள் விடியற்காலையில் வெள்ளைவெளேரென்று கிடக்கும். பக்கத்துக் கேரளாவின் மூணாறில் வரையாட்டைப் பார்க்க இரவிகுளம் போவதென்றால் ஜனவரிக்குள் போய்விடுங்கள். குட்டி போடும் காலத்துக்காகப் பிப்ரவரி வாக்கில் மூடிவிடுவார்கள்.

திரும்பிப் போகும் விருந்தாளிகளையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மார்ச் மாதம் போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்குப் போங்கள். சுமத்ராவில் குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள் நீரிணையைக் கடந்து அங்கேதான் கரையேறும். நிலத்தின்மேல் எழும் வெப்பக்காற்றில் சிறகடிக்காமல் மிதந்து போகும் பறவை அது. கடல்மேல் அந்தக் காற்று கிடையாது. அடித்து அடித்துப் பறந்து, களைத்து, மரத்தை உரசும் உயரத்தில் வரும். கரையைத் தொட்டதும் வட்டமிட்டு மறுபடி மேலே ஏறும். மலேசிய இயற்கைக் கழகத்தினர் மார்ச்சில் அங்கே பருந்து பார்க்கும் நிகழ்ச்சி வைப்பார்கள், தொலைநோக்கியை மூன்றுகாலியில் நிறுத்திப் பொதுமக்களுக்கும் காட்டுவார்கள்.

அம்மாவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். தாராளமாக அழைத்து வாருங்கள். நான் சொன்ன விளக்கடிப் பந்தி, பிரிஞ்சாங் சடக்கு, மாலைத் தேயிலைச் சரிவு எதற்கும் அம்மா காடியிலிருந்து இருபதடி நடந்தால் போதும். மடக்கு நாற்காலி ஒன்று, சுடுநீர்க் குடுவையில் தே ஓ, காலுக்குப் போர்வை. குளிரில் முட்டி இறுகும், அதனால் எழுந்தவுடன் கிளப்பாமல் கால்மணி நேரம் முன்னதாக எழுப்பிக் காலை நீட்டி மடக்கச் சொல்லுங்கள். பாசிக்காட்டுப் பலகையில் படிகள் உண்டு, ஈரத்தில் வழுக்கும். அதை மட்டும் அவர் தவிர்க்கட்டும். நெரிசல் அவருக்கு ஆகாது என்றால் கேமரனுக்குப் பதில் பிரேசர் மலைக்கு அழைத்துப் போங்கள். கோலாகுபு பாருவிலிருந்து காப் என்னும் கணவாய் வழியாக ஏறவேண்டும். சுமார் 1,300 மீட்டர், குளிர் கொஞ்சம் குறைவு, ஆனால் கூட்டமில்லை, காய்கறித் தோட்டமில்லை. 250க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவான ஊர். 1988இல் தொடங்கிப் பறவை பார்க்கும் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். ஊரைச் சுற்றும் சடக்கு பெரும்பாலும் மேடுபள்ளம் குறைவாக இருக்கும், அம்மா மெதுவாக நடக்கலாம். காலை எட்டு மணிக்கு மேல் சியாமாங் குரங்குகள் தொண்டைப் பையை ஊதிக்கொண்டு கத்தத் தொடங்கினால் மலை முழுக்கக் கேட்கும். அதற்கு நடக்கவே வேண்டாம், விடுதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும். அங்கே சாப்பாட்டுக் கடைகள் குறைவு, சீக்கிரம் மூடிவிடுவார்கள். கோலாகுபு பாருவிலேயே இரவுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, காடிக்கு எண்ணெயும் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.